பிரபலத்தின் மறைந்த குற்றங்கள் தொடராகும்போது: எதைக் காட்டுவது, எதை விடுவது?

ஒற்றைப்பனை கேட்டது:

வணக்கம். உயிரோடு இருந்தவரை எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய ஒரு நிஜப் பிரபலம். இறந்த பிறகுதான் பாலியல் புகார்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி நான்கு எபிசோட் எழுதும்போது முதல் வரைவிலேயே சில இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலாவது, ஆள் பிடித்துப்போகிறது. முதல் இரண்டு எபிசோடில் அவர்தான் பேசுகிறார், சிரிக்க வைக்கிறார். சுற்றியிருப்பவர்கள் மங்கிப்போகிறார்கள். வரைவைப் படித்தவர்கள், "குற்றவாளி என்று தெரிந்தும் அவர் வராத காட்சியில் சலிப்பு தட்டுகிறது" என்கிறார்கள். அந்தக் கவர்ச்சியைக் குறைத்து எழுதினால், "இப்படி ஒரு ஆளிடமா இத்தனை பேர் ஏமாந்தார்கள்?" என்று கேட்கிறார்கள்.

இரண்டாவது, குற்றம் நடக்கும் இடம். காட்டினால் அருவருப்பு, அதைவிடப் பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநியாயம். காட்டாமல் விட்டால், "நிஜமாகவே செய்தாரா?" என்ற சந்தேகம் தங்கிவிடுகிறது.

மூன்றாவது, பாதிக்கப்பட்ட ஆறு பேரை ஒரே பாத்திரமாகச் சேர்த்திருக்கிறது. இது சரியா?

நான்காவது சட்டம். இறந்தவர்மேல் எதை எழுதினாலும் வழக்கு வராது என்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை?

பிரிட்டிஷ் தொடர்களில், ஜிம்மி சாவிலைப் பற்றிய 'தி ரெக்கனிங்' நிஜப் பெயரோடு போனது. 'நேஷனல் ட்ரெஷர்' கற்பனைப் பெயரோடு போனது. எந்த வழி எதற்குப் பொருந்தும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெட்டுமேசை:

முதல் கேள்வியை மட்டும் இப்போது எடுத்துக்கொள்கிறேன். மற்றவை அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கவர்ச்சியைக் குறைக்காதீர்கள். அந்தக் கவர்ச்சி அவருக்கு என்ன வாங்கிக் கொடுத்தது என்பதை ஒவ்வொரு முறையும் காட்டுங்கள். பிரிட்டனின் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜிம்மி சாவிலைப் பாருங்கள், அவர்மேலும் இறந்த பிறகுதான் பாலியல் புகார்கள் குவிந்தன. 1964 ஜனவரி 1 அன்று பிபிசியின் பாட்டு நிகழ்ச்சியான 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' முதல் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர். 1975 முதல் 1994 வரை குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றிவைக்கும் 'ஜிம்'ல் ஃபிக்ஸ் இட்'. 1990இல் சர் பட்டம். இவற்றை வரிசையாகக் காட்டினால் அது வாழ்க்கை வரலாறு, அவ்வளவுதான். ஆனால் லீட்ஸ் மருத்துவமனையில் சம்பளம் வாங்காத உதவியாளராக வேலை செய்தார் என்பதன் பொருள், வார்டுகளுக்குள் அவர் நடமாடுவதை யாரும் ஏன் என்று கேட்கவில்லை என்பது. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையின் முதுகுத்தண்டு சிகிச்சை மையத்துக்குக் கோடிக்கணக்கில் நிதி திரட்டிக் கொடுத்தார் என்பதன் பொருள், அவரைப் பகைத்துக்கொள்ள அங்கே யாருக்கும் துணிவு வராது என்பது. 1988இல் பிராட்மூர் மனநல மருத்துவமனைக்கான அரசுக் குழுவில் அவரை வைத்தார்கள். அங்கே வார்டுச் சாவிகளே அவர் கையில் இருந்தன.

ஆகவே ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் அவர் செய்த உபகாரம், வலப்பக்கம் அதனால் திறந்த கதவு. வலப்பக்கம் காலியாக இருக்கும் காட்சிதான் வாசகர்களை அவர்மேல் ஆசைப்பட வைக்கிற காட்சி. அதைத் தூக்கிவிடுங்கள், அல்லது வலப்பக்கத்தை நிரப்புங்கள்.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நன்கொடைக் காசோலை கொடுக்கும் விழா. வழக்கமாக எழுதினால் மேடை, கைதட்டல், அவர் ஒரு ஜோக், கூட்டம் சிரிக்கிறது, கட். இதையே விழா முடிந்த பிறகு, அலுவலக மேசையிலிருந்து எழுதிப் பாருங்கள். சுவரில் சாவிகள் தொங்கும் பலகை. அவர் சிரித்துக்கொண்டே, "ராத்திரி வேலை முடிந்து களைப்பாக வருவேன், படுக்க ஒரு அறை இருந்தால் புண்ணியமாகப் போகும்" என்கிறார். எழுத்தர் நிர்வாகியைப் பார்க்கிறார். நிர்வாகி கையில் இன்னும் அந்தக் காசோலை இருக்கிறது. தலையை ஆட்டுகிறார். சாவி கைமாறுகிறது. அவர் போன பிறகும் கேமரா காலியான கொக்கியிலேயே நிற்கிறது. இரண்டாம் எபிசோடில் ஒரு செவிலியர் புகார் சொல்ல அதே அறைக்கு வரும்போது, பின்னணியில் அந்தக் கொக்கி இன்னும் காலியாகவே இருந்தால் போதும். யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விதி: சாட்சி இல்லாத காட்சியை எழுதாதீர்கள். அவர் தனியாக உட்கார்ந்து யோசிப்பது, கண்ணாடி முன் நிற்பது, அம்மாவின் படத்தைப் பார்த்து அழுவது எல்லாம் எழுத்தாளரின் ஊகம். யாரும் பார்த்ததில்லை. பார்வையாளர் மனதில் பரிவு நுழைவதும் இந்த ஓட்டை வழியாகத்தான். அமெரிக்கக் கால்பந்து வீரர் சிம்ப்சனின் கொலை வழக்கைச் சொல்லும், 2016இல் வந்த 'தி பீப்பிள் வெர்சஸ் ஓ.ஜே. சிம்ப்சன்' பத்து எபிசோட் ஓடுகிறது. 1994 ஜூன் 12 இரவு நடந்த கொலைகளை ஒரு தடவைகூட நடித்துக் காட்டவில்லை. உடல்கள் கண்டெடுக்கப்பட்ட பிறகுதான் கேமரா அங்கே வருகிறது. யார் கண்ணாலும் பார்க்காததைத் தொடரும் பார்க்கவில்லை. அதனால் வலு குறைந்ததா என்றால், இல்லை.

எடிட்டில் செய்யக்கூடியது: அவர் பேசும் வரியில் பாதியிலேயே கேட்பவரின் முகத்துக்கு வெட்டுங்கள். ஜோக் முடிந்து சிரிப்பு அடங்கிய பிறகும் இரண்டு நொடி விட்டுவையுங்கள். யாருடைய சிரிப்பு முதலில் நிற்கிறது என்பதில் அந்தக் காட்சி இருக்கிறது.

நடிகர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அச்சு அசலாக நடித்துக் காட்டினால் மிமிக்ரிதான் பேச்சாகிவிடும். கதைக்குள் கேமராவோ மைக்கோ கூட்டமோ இருக்கும்போது மட்டும் முழுப் பாவனையையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது இல்லாத இடத்தில் குரல் தணிந்து, வேகம் குறையட்டும். அந்த வித்தியாசம் கண்ணில் படும்போதே பார்ப்பவருக்குப் பயம் வந்துவிடும்.

கறுப்புமை:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். இது ஸ்கிரிப்டை வழக்கறிஞர் படிப்பதற்கு முன் நீங்களே செய்து வைக்க வேண்டிய வேலை.

இறந்தவருக்காக அவதூறு வழக்குப் போட முடியாது என்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சரி. இந்தியாவில் அப்படியே பொருந்தாது. பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவின் முதல் விளக்கம், இறந்தவரின் பெயரைக் கெடுப்பதும் குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடு செய்யப்பட்டால் அவதூறாகலாம் என்கிறது. எந்த நாட்டில் ஒளிபரப்பாகிறது என்பதைப் பொறுத்து இது மாறும்.

ஆனால் உண்மையான ஆபத்து இறந்தவரிடம் இல்லை, அவரைச் சுற்றி உயிரோடு இருப்பவர்களிடம் இருக்கிறது. தயாரிப்பாளர், மேலாளர், மருத்துவர், புகாரைத் தட்டிக்கழித்த அதிகாரி. இந்தத் தொடர்களின் இயல்பே 'தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள்' என்பதுதானே? அது உயிரோடு இருக்கும் ஒருவர்மேல் வைக்கும் குற்றச்சாட்டு. 2019இல் வந்த 'வென் தே சீ அஸ்' தொடரில் தன்னைச் சித்திரித்த விதத்துக்கு எதிராக முன்னாள் அரசு வழக்கறிஞர் லிண்டா ஃபேர்ஸ்டைன் 2020இல் வழக்குப் போட்டார். 2024இல் சமரசமானது. நெட்ஃபிளிக்ஸ் ஒரு தொண்டு அமைப்புக்கு 10 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. எபிசோடின் கடைசியில் இருந்த பொறுப்புத் துறப்பு வாசகம் தொடக்கத்துக்கு வந்தது.

பெயரை மாற்றினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். 2012 நவம்பரில் பிபிசியின் 'நியூஸ்நைட்' செய்தி நிகழ்ச்சி ஒரு முன்னாள் அரசியல்வாதியைப் பற்றி, பெயரே சொல்லாமல், தவறான குற்றச்சாட்டை ஒளிபரப்பியது. அது லார்ட் மெக்கால்பைன் என்று மற்றவர்கள் இணையத்தில் கோத்துவிட்டார்கள். அவருக்கும் அந்தக் குற்றத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிபிசி 1,85,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. தெரிந்தவர்களால் அடையாளம் காண முடிந்தால் போதும், பெயர் தேவையில்லை.

கூட்டுப் பாத்திரத்திலும் இதே பொறி இருக்கிறது. 'மூன்று மேலாளர்களைச் சேர்த்து ஒருவராக்கினோம்' என்பது கேடயமாகத் தெரியும். அந்த ஆண்டுகளில் அந்தப் பதவியில் இருந்தது இரண்டே பேர் என்றால், அந்த இரண்டு பேருமே "இது நான்தான்" என்று வரலாம். அதிலும் ஒருவர் உண்மையில் புகாரை மேலே அனுப்பியவராக இருந்துவிட்டால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். அந்தப் பதவியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கைவிரல்களுக்குள் அடங்கினால் பதவியையே மாற்றுங்கள், அல்லது அந்த முடிவை ஒரு ஆளாகக் காட்டாமல் கூட்டமாகக் காட்டுங்கள்.

செய்ய வேண்டிய வேலை, ஓரக் குறிப்புகள் சேர்த்த ஸ்கிரிப்ட். காட்சிக்குக் காட்சி, வசனத்துக்கு வசனம் எண் போட்டு, ஓரத்தில் ஆதாரம் எழுத வேண்டும். மூன்று நிறம் போதும். ஆவணத்தில் அப்படியே இருப்பது ஒரு நிறம்: நீதிமன்றப் பதிவு, விசாரணை அறிக்கை, ஒலிப்பதிவு. ஆதாரத்திலிருந்து நியாயமாக ஊகித்தது இன்னொரு நிறம். முழுக் கற்பனை மூன்றாவது. பிறகு மூன்றாம் நிறத்தை மட்டும் தனியாகப் படியுங்கள். அதில் யார்மேலாவது புதிய பழி விழுகிறதா? விழுந்தால் அந்த வரி போக வேண்டும். கற்பனை செய்யலாம், ஆனால் கற்பனையால் யாரும் ஆவணத்தில் இருப்பதைவிடக் கெட்டவராகக் கூடாது. பழி சுமத்தும் வரிக்கு ஒன்றையொன்று சாராத இரண்டு ஆதாரம் கேளுங்கள். ஒரு நாளிதழ் எழுதியதைப் பார்த்து இன்னொன்று எழுதியிருந்தால் அது ஒரே ஆதாரம்தான்.

அவதூறு போன்ற வழக்குகளுக்காகத் தயாரிப்புக்குக் காப்பீடு தரும் நிறுவனம் இந்தக் குறிப்புகளைக் கேட்கும். பலர் எடிட் முடிந்த பிறகு தயார்செய்யப் பார்க்கிறார்கள். அப்போது வெட்ட வேண்டிய வரி, கதை தொங்கும் வரியாக இருக்கும். மறுபடியும் செட் போட முடியாது. படப்பிடிப்புக்கு முன் முடிக்க வேண்டியது இது.

தொடக்க அட்டையில் கவனம். 'இது உண்மைக் கதை' வேறு, 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' வேறு. 2024இல் 'பேபி ரெய்ண்டீர்' தொடரின் ஒரு பாத்திரம் தன்னைத்தான் குறிக்கிறது என்று ஒரு பெண் போட்ட அவதூறு வழக்கு மேலே நடக்கலாம் என்று அமெரிக்க நீதிபதி அனுமதித்ததற்கு, முதல் எபிசோடில் இது உண்மைக் கதை என்று எழுதியிருந்ததும் ஒரு காரணம். தொடரில் அந்தப் பாத்திரம் தண்டனை பெற்றவர். நிஜத்தில் அப்படித் தண்டனை இல்லை.

கடைசியாக இரண்டு விஷயம். யார்மேலாவது வழக்கு நடந்துகொண்டிருந்தால் இங்கிலாந்தில் 1981ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் குறுக்கே நிற்கும், ஒளிபரப்புத் தேதியையே தள்ள வேண்டியிருக்கும். சமரசம் செய்துகொண்டவர்கள் பலர் வெளியே பேசுவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்களிடம் பேசும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். உங்களிடம் பேசிய பாவத்துக்கு அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிலை வரக்கூடாது.

ஒற்றைப்பனை:

மூன்று நிறக் கணக்கை இரண்டாம் எபிசோடுக்குப் போட்டுப் பார்த்ததில், மூன்றாம் நிறம் முழுவதும் ஒரே நிர்வாகி பாத்திரத்தின்மேல் குவிந்திருக்கிறது. மிகவும் நன்றி. பாதிக்கப்பட்டவர்கள் ஆறு பேரை ஒருவராக்கியது பற்றி யாராவது சொல்லுங்கள். அவர்களை மறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் செய்தது.

தனித்தாள்:

மறைக்க நினைத்தது நல்ல எண்ணம். ஆனால் ஒருவராக்கியதால் கதையின் முதுகெலும்பே போய்விட்டது.

சாவில் 2011 அக்டோபரில் இறந்தார். 2012 அக்டோபர் 3 அன்று ஐடிவி சேனலில் அவரைப் பற்றிய ஆவணப்படம் வந்த பிறகு காவல்துறை விசாரணை தொடங்கியது. 2013 ஜனவரி அறிக்கைப்படி சுமார் 450 பேர் முன்வந்தார்கள், 214 குற்றங்கள் பதிவாகின. உயிரோடு இருந்தபோது ஏன் பிடிபடவில்லை? அதே ஆண்டு மார்ச்சில் காவல் ஆய்வு அமைப்பு வெளியிட்ட அறிக்கை இதற்குப் பதில் சொல்கிறது. 1964லேயே லண்டன் காவல்துறையின் பேரேட்டில் அவரைப் பற்றிய குறிப்பு இருந்தது. 1998இல் பெயர் போடாத கடிதம் ஒன்று வந்தது. 2007இலும் 2008இலும் சில பெண்கள் நேரடியாகப் புகார் கொடுத்தார்கள். எல்லாம் வேறு வேறு அலமாரிகளில் கிடந்தன. சேர்த்துவைத்துப் பார்க்க ஆளில்லை. புகார் கொடுத்தது தான் ஒருத்திதான் என்ற எண்ணம் ஒவ்வொரு பெண்ணிடமும் இருந்தது.

ஆறு பேரை ஒரு பாத்திரமாக்கினால், அந்தப் பிரபலம் விரும்பியதையே நீங்களும் செய்கிறீர்கள்: 'ஒரே ஒரு பெண் சொல்கிறாள்'. அவள் ஆறு முறை பாதிக்கப்பட்டதாகவும் ஆகிவிடும், பார்ப்பவருக்கு நம்பிக்கை இன்னும் குறையும். மாறாக மூன்று பேரை வையுங்கள். மூன்று வெவ்வேறு பத்தாண்டுகள், மூன்று இடங்கள். அவர்கள் கடைசிவரை சந்திக்கவே வேண்டாம். முதலாமவரிடம் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை மூன்றாமவரிடமும் அப்படியே சொல்லட்டும். அதைக் கேட்டு நிமிர்ந்து உட்காரப் போவது பார்வையாளர் ஒருவர்தான். எந்தக் காவல் நிலையமும் சேர்த்துவைக்காத கோப்பு அவர் கையில் இருக்கிறது. 'நிஜமாகவே செய்தாரா?' என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. நிரூபிக்கும் வேலையை நேரடிக் காட்சியிடம் கொடுக்காதீர்கள், திரும்பத் திரும்ப வரும் ஒற்றுமையிடம் கொடுங்கள்.

இனி மறைப்பது எப்படி என்று பார்ப்போம். இங்கிலாந்தில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் குற்றப் புகார் கொடுத்தவரின் அடையாளம் அவர் ஆயுள் முழுவதும் வெளியிடப்படக் கூடாது. வழக்கே நடக்காவிட்டாலும், எதிராளி விடுதலையானாலும் அது மாறாது. அவரே எழுத்தில் சம்மதித்தாலோ, அரிதாக நீதிமன்றம் அனுமதித்தாலோதான் விலக்கு. இந்தியாவில் பாரதிய நியாய சன்ஹிதா 72ஆம் பிரிவு, குழந்தைகள் என்றால் போக்சோ 23ஆம் பிரிவு. இதில் பெரும்பாலும் தவறுவது பெயரில் அல்ல, துண்டுகள் சேர்வதில்தான். நாளிதழில் வயது வந்திருக்கும். ஒரு பழைய பேட்டியில் ஊர் வந்திருக்கும். உங்கள் தொடரில் அப்பாவின் தொழிலும் கையில் இருந்த கட்டும் வருகின்றன. நான்கையும் சேர்த்தால் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஸ்கிரிப்டைப் படிக்காத ஒருவரிடம், வெளியில் ஏற்கெனவே கிடைக்கும் விவரங்களை எல்லாம் ஒரே தாளில் தொகுக்கச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தாளையும் ஸ்கிரிப்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தத் தாளோடு சேர்ந்து ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரம் எதுவோ அதை ஸ்கிரிப்டில் மாற்ற வேண்டும். குடும்பம், ஊர், உடை, பருவகாலம் ஆகியவற்றைத் தாராளமாக மாற்றலாம். குற்றவாளி அணுகிய முறையை மாற்றக்கூடாது, அதுதான் சாட்சியம்.

சம்மதம் என்பதும் ஒரு தடவை வாங்கும் கையெழுத்து இல்லை. ஆரம்பப் பேச்சுக்கு முன், ஸ்கிரிப்ட் முடிந்ததும், எடிட் முடிந்ததும், விளம்பரத் துணுக்கு வெளியாகும் முன் என்று நான்கு முறையாவது கேட்க வேண்டும். விளம்பரத் துணுக்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தொடரைப் பார்ப்பதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யலாம். பேருந்து நிறுத்தத்தில் பெரிதாக ஒட்டிய அந்த முகத்தை அவரால் தவிர்க்க முடியாது. எந்தத் தேதியில், எந்தப் படம் வெளியாகிறது என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பிரிட்டனின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் 8.19 விதி இதை எழுத்திலேயே வைத்திருக்கிறது. பழைய கொடுமைகளை எடுத்துச் சொல்லும் நாடகங்களுக்கும் அது பொருந்தும். உயிரோடு இருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் நெருங்கிய குடும்பத்தாருக்கும், பொது நினைவில் அது பழகிய கதையாகவே இருந்தாலும், இயன்றவரை முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது.

ஏற்கெனவே நீதிமன்றத்திலோ விசாரணைக் குழுவிடமோ விரிவாகச் சொல்லியிருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வைக்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியது குற்றத்தைப் பற்றி அல்ல, மறுநாள் காலையைப் பற்றி. பள்ளிக்குப் போனாளா, யாரிடம் முதலில் சொன்னாள், அவர்கள் முகம் எப்படி இருந்தது. தொடருக்குத் தேவைப்படுவதும் அதுதான். பேசும் நாளில் தயாரிப்புக் குழுவைச் சேராத மனநல ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும். 'நீங்கள் சொல்வதை எல்லாம் மாற்றிவிடுவோம்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். எதை மாற்ற முடியும், எதை முடியாது என்பதை முதல் நாளே எழுதிக் கொடுப்பதுதான் மரியாதை.

'தி ரெக்கனிங்' ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தது. பாதிக்கப்பட்டவர்களில் நான்கு பேர் நிஜமாகவே திரையில் வந்து பேசுகிறார்கள். நடித்த காட்சிகளுக்கு நடுவே ஒரு நிஜக் குரல் வரும்போது, கதை யாருடையது என்பதில் குழப்பம் இருக்காது.

நான்காம்சுவர்:

தனித்தாள் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். 'தி ரெக்கனிங்' மேல் மட்டும் ஒரு மனக்குறை உண்டு, அதை உங்கள் வரைவுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். 2023 அக்டோபரில் பிபிசியில் நான்கு எபிசோடாக வந்தது. நாடகம் சாவிலின் சாவோடு நின்றுவிடுகிறது. மறைப்பு அங்கே நிற்கவில்லையே? அவர் இறந்த சில வாரங்களிலேயே 'நியூஸ்நைட்' செய்தியாளர்கள் விசாரித்தார்கள், 2011 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. அதே கிறிஸ்துமஸில் அஞ்சலி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாகின. பத்து மாதம் கழித்து வேறொரு சேனலில்தான் உண்மை வெளிவந்தது. எந்த நிறுவனம் அடுத்த அறையில் இருந்துகொண்டு கதவைச் சாத்தியதோ, அதே நிறுவனம் நாடகத்தை ஒளிபரப்பும்போது, அந்தக் கதவைக் காட்டியிருக்க வேண்டும். உங்கள் நான்காம் எபிசோடை மரணத்தில் முடிக்காதீர்கள். மரணத்தை மூன்றாவதின் கடைசியில் வைத்துவிட்டு, நான்காவதை முழுக்க முழுக்க அவர் இல்லாமல் நடத்துங்கள். அவர் வராத காட்சியில் சலிக்கிறது என்றார்களே, அந்தச் சலிப்பு நான்காவதில் வராது. அவர் இல்லாமலேயே கதவுகள் மூடிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது வேறொரு கோபம் வரும்.

நிஜப் பெயரா, கற்பனைப் பெயரா? ஆவணங்கள் குவிந்து கிடந்து, நிறுவனங்களின் பெயரைச் சொல்வதுதான் நோக்கம் என்றால் நிஜப் பெயர். சந்தேகமே கதை என்றால் கற்பனைப் பெயர். 2016இல் 'நேஷனல் ட்ரெஷர்' இரண்டாவதைத்தான் செய்தது. ராபி கோல்ட்ரேன் நடித்த நகைச்சுவை நடிகர் கற்பனை மனிதர். நான்கு எபிசோடும் மனைவியும் மகளும் அவரை நம்புவதா என்று தடுமாறுவதில் ஓடுகிறது. நிஜப் பெயர் இருந்தால் பார்வையாளர் முடிவைத் தெரிந்துகொண்டுதான் உட்காருவார், அந்தத் தடுமாற்றம் கிடைக்காது. உங்கள் ஆறு பேரும் அடையாளம் தெரியவே கூடாது என்று விரும்பினால், இந்த இரண்டாவது வழியை மறுபடியும் யோசியுங்கள்.

கறுப்புமை:

கற்பனைப் பெயர் வழி என்றாலும் வேலை குறையாது என்பதை மட்டும் சேர்க்கிறேன். வைக்கப்போகும் பெயரில், அதே தொழிலில், அதே நகரத்தில் நிஜமாக யாராவது இருக்கிறார்களா என்று தேட வேண்டும். மருத்துவர் என்றால் மருத்துவர் பதிவேடு, வழக்கறிஞர் என்றால் வழக்கறிஞர் பட்டியல். இருந்தால் பெயரை மாற்றுங்கள். காரின் எண், தொலைபேசி எண், கடைப் பலகை எல்லாவற்றுக்கும் இதே தேடல். பலகையை எழுதி மாட்டிய பிறகு கண்டுபிடித்தால் ஒவ்வொரு பிரேமிலும் அழிக்க வேண்டியிருக்கும்.

வெட்டுமேசை:

மிச்சம் இருப்பது இரண்டாம் கேள்வி. குற்றத்தை எப்படிக் காட்டுவது.

கதவு வரை போங்கள், உள்ளே போகாதீர்கள். ஆனால் கதவு மூடியதும் அடுத்த காட்சிக்கு வெட்டினால் அது நழுவல், பார்வையாளருக்கும் அது தெரியும். மூடிய கதவின் வெளிப்பக்கத்திலேயே நில்லுங்கள். வராந்தாவில் வழக்கமான வேலைகள் நடக்கட்டும். யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிப் போகிறார்கள், தொலைபேசி அடிக்கிறது, ஒருவர் அந்தக் கதவைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுகிறார். இசை வேண்டாம். எடிட்டில் இருபது நொடி வைத்துப் பாருங்கள், நீளம் என்று தோன்றும். அதையே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அவள் வெளியே வரும் ஷாட்டுக்கு, உள்ளே போன ஷாட்டைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

குழந்தை நடிகர்கள் இருந்தால் ஸ்கிரிப்டை இரண்டு பிரதியாகப் பிரியுங்கள். குழந்தைக்கும் பெற்றோருக்கும் போகும் பிரதியில் அவர்கள் நடிக்கும் காட்சி மட்டும் இருக்கும். பெற்றோருக்கு முழுக் கதையையும் தனியாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தையின் க்ளோஸப்பை எடுக்கும்போது எதிரே அந்த நடிகர் நிற்கக் கூடாது. பார்வைக்கு ஒரு அடையாளம் வைத்து, உதவி இயக்குநர் வேறு வசனத்தைச் சொல்லலாம். மிரட்டும் வரிகளைப் பிறகு தனியாக, குழந்தை செட்டை விட்டுப் போன பிறகு எடுங்கள். பிரபலத்தின் ஒப்பனையோடு அந்த நடிகர் இடைவேளையில் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருப்பதும் வேண்டாம், ஒப்பனை இல்லாமல் முதலிலேயே பழகட்டும். தோளில் கை வைப்பது உள்பட ஒவ்வொரு தொடுதலும் ஒத்திகையில் தீர்மானமாகி, நெருக்கக் காட்சி ஒருங்கிணைப்பாளர் எழுதிவைத்ததாக இருக்க வேண்டும். கேமரா ஓடும்போது புதிதாக எதுவும் சேரக் கூடாது.

கடைசி அட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எத்தனை பேர் முன்வந்தார்கள், எந்த அறிக்கை, எந்த ஆண்டு, இவ்வளவு போதும். இரண்டு அறிக்கைகளின் எண்களை ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். பிபிசிக்குள் நடந்ததை விசாரித்து 2016இல் வந்த டேம் ஜேனட் ஸ்மித் அறிக்கை சொன்ன 72 பேர், பிபிசி வேலையோடு தொடர்புடையவர்கள் மட்டும். 450 என்பது வேறு கணக்கு. அட்டையை வாய்விட்டு நிதானமாக இரண்டு முறை படித்து, அந்த நேரம் திரையில் விடுங்கள். உதவி எண் அதற்கடுத்த தனி அட்டையில், கறுப்பில், இசை இல்லாமல் வரட்டும். ஓடிடியில் அடுத்த எபிசோட் தானாக ஓடத் தொடங்கி அந்த அட்டையை விழுங்கிவிடும். அடுத்த எபிசோடுக்கான நேரக் குறி உதவி எண் மறைந்த பிறகே விழ வேண்டும் என்று கோப்பை ஒப்படைக்கும் தாளிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.